காணாமல் போன மருமகனைப் போலீஸ் உண்மையில் தேடுகிறதா?

தம்பி, நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்காள் மகனுக்கு 22 வயது. சனிக்கிழமை மாலை மார்த்தாண்டம் வரை போய் வருகிறேன் என்று பைக்கில் கிளம்பியவன் இரவு வீடு திரும்பவில்லை. ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு அவன் எண்ணிலிருந்து அக்காளுக்கு ஒரு மிஸ்டு கால் வந்திருக்கிறது. திருப்பிக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, நண்பர்கள் வீட்டில் விசாரியுங்கள், வந்துவிடுவான் என்று அனுப்பிவிட்டார்கள். இன்று திங்கள். யாரோ அவனைப் பிடித்து வைத்திருப்பதாக உங்கள் மனம் சொல்கிறது. இப்படிப்பட்ட வழக்கில் போலீஸ் எப்படித் தேடும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் எழுத்தில் தெரிகிற கேள்வி வேறு. தேடுகிறார்களா, அல்லது காகிதத்தை வாங்கி ஃபைலில் கட்டி வைத்துவிட்டார்களா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காக்கி உடுத்தியவன் நான். ஏட்டாக நெடுங்காலம், கடைசியில் சிறப்பு உதவி ஆய்வாளராக. வழக்கை நடத்தும் அதிகாரி நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. அவர்கள் போடுகிற தனிப்படையில் ஓடியவன், அவ்வளவுதான். நான் ஓய்வு பெற்ற பிறகு, 2024 ஜூலை 1 முதல் சட்டங்களே மாறிவிட்டன. அதனால் கீழே வரும் பிரிவு எண்களை வழக்கறிஞராக இருக்கும் என் மருமகளிடம் கேட்டு எழுதுகிறேன். வேலை நடக்கும் விதம் நான் கண்ணால் கண்டது.

முதலில் ஒரு பொய்யை ஒழித்துவிடுவோம். இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவார்கள் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை காணாமல் போனால் அந்த நிமிடமே கடத்தல் என்று எண்ணி எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்பது 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இன்னொன்றைச் சொன்னது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலிருந்தே தெரிந்தால், எஃப்.ஐ.ஆர். போடுவதா வேண்டாமா என்று யோசிக்கும் உரிமை ஸ்டேஷனுக்கு இல்லை. அந்த வழக்கே ஒரு கடத்தல் புகாரிலிருந்து வந்ததுதான். உத்தரப் பிரதேசத்தில் மகளைக் காணாத தகப்பன் ஒருவர் ஸ்டேஷனுக்கு நடந்தார், எஸ்.பி. வரை போன பிறகுதான் வழக்குப் பதிந்தார்கள், பதிந்த பிறகும் தேடவில்லை. அங்கிருந்துதான் அது டெல்லிக்குப் போனது.

உங்கள் மருமகனுக்கு 22 வயது என்பதால் கதை கொஞ்சம் மாறுகிறது. வயது வந்தவன் வீட்டைவிட்டுப் போவது குற்றம் அல்ல. வழக்கமாக நம் மாநிலத்தில் ‘மேன் மிஸ்ஸிங்’ என்ற தலைப்பில் எஃப்.ஐ.ஆர். போட்டுத் தேடுவார்கள். உங்கள் கையில் இருக்கும் சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். அல்ல, மனு வாங்கினோம் என்பதற்கான சீட்டு மட்டுமே. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு செல்போன் நிறுவனத்திடமோ வங்கியிடமோ விவரம் கேட்டு எழுதுவது ஓர் எஸ்.ஐ.க்குக் கடினம். குற்ற எண் விழுந்தால்தான் கதவுகள் திறக்கும். ஆகவே நாளைக்கு அல்ல, இன்றைக்கே போய் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். அதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், சட்டமே சொல்கிறது.

போகும்போது மனுவைத் திருத்தி எழுதிக்கொண்டு போங்கள். ‘என் மருமகனைக் காணவில்லை, கண்டுபிடித்துத் தாருங்கள்’ என்று மூன்று வரியில் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு ஏன் தோன்றுகிறது? அந்தக் காரணம் மனுவில் இருக்க வேண்டும். யார் மிரட்டினார், எப்போது, யார் காதில் விழுந்தது, எவ்வளவு பணம் பாக்கி என்று எழுதுங்கள். காரணம் எழுத்தில் வந்துவிட்டால் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137, 140 பிரிவுகளுக்குள், அதாவது கடத்தல் பிரிவுகளுக்குள் நுழைகிறது. பணம் கேட்டுக் கடத்தினால் மரண தண்டனை வரை போகக்கூடிய பிரிவு 140-இல் இருக்கிறது. ஆனால் வழக்குக் கனக்க வேண்டும் என்பதற்காக இல்லாததை எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதிய மனுக்களைப் பார்த்திருக்கிறேன். பிடிக்காத பங்காளியின் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். நாங்கள் அந்தப் பங்காளியின் பின்னால் ஒரு நாள் முழுக்க அலைவோம். உண்மையான ஆள் அந்த ஒரு நாளில் பாலக்காடு தாண்டிவிடுவான்.

ஸ்டேஷனில் உங்களிடம் கேட்ட கேள்விகள் அவமானமாக இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் விவகாரம் உண்டா, குடிப்பானா, கடன் உண்டா, வீட்டில் சண்டையா? அவை வம்புக்குக் கேட்டவை அல்ல. காணாமல் போனவர் என்று ஒருவர் வந்தால் ஸ்டேஷனில் மனதுக்குள் அவரை ஒரு வரிசையில் நிறுத்திப் பார்ப்பார்கள். தானாகப் போனவரா, வழி தவறியவரா, விபத்தில் சிக்கியவரா, உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பில் இருப்பவரா, அல்லது ஒருவர் கையில் சிக்கியவரா? தேடும் திசை இதைப் பொறுத்தது. மறதி நோய் உள்ள பாட்டியைத் தேட செல்போன் டவர் எதற்கு? அவர் பிறந்து வளர்ந்த வீடு எங்கே என்று கேட்டு, அந்தப் பக்கம் போகும் பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்தால் போதும். பள்ளி விட்டு வராத பிள்ளைக்கு ரயில் நிலையம் முதலில். மனம் உடைந்த நிலையில் போனவர் என்றால் ஆறு, குளம், அணை, கடற்கரை என்று உடனே ஆள் போக வேண்டும். அங்கே மணிக்கணக்கு இல்லை, நிமிடக்கணக்கு.

‘வந்துவிடுவான்’ என்று ஏன் சொன்னார்கள்? பெரும்பாலும் வந்துவிடுவதால்தான். என் அனுபவத்தில் வாலிப வயதில் காணாமல் போனவர்களில் பெரும்பாலோர் தாமாகவே போனவர்கள், சில நாளில் எங்கிருந்தோ கூப்பிட்டவர்கள். அந்தப் பழக்கம்தான் ஆபத்து. நானும் அதில் விழுந்திருக்கிறேன். ஒரு மழைக்கால மாலையில், கையில் மடித்த குடையோடு ஒரு பெரியவர் வந்து நின்றார். மகன் நேற்றிலிருந்து இல்லை என்றார். அன்று ஊரில் கோயில் கொடை; ஸ்டேஷனில் பாராவையும் ரைட்டரையும் தவிர ஆள் இல்லை, எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். ‘வந்துவிடுவான், வீட்டுக்குப் போங்கள், நாளை பார்க்கலாம்’ என்று நான்தான் சொன்னேன். மூன்றாம் நாள் கைவிட்ட கல்குவாரி ஒன்றின் தண்ணீரில் அந்தப் பையன் கிடைத்தான். பெரியவர் என்னிடம் வருவதற்கு முன்பே அவன் இறந்திருந்தான் என்று டாக்டர் சொன்னார். அது எனக்குச் சமாதானமாக இல்லை. அவருக்கும் இருந்திருக்காது. எனவே ஸ்டேஷன்கள் அலட்சியமாக இருப்பதே இல்லை என்று உங்களிடம் வாதாட வரவில்லை.

சரி, தேட ஆரம்பித்தால் எப்படித் தேடுவார்கள்? அவன் எங்கே இருப்பான் என்று யாரும் தேட ஆரம்பிப்பதில்லை. கடைசியாக எங்கே உண்மையாகப் பார்க்கப்பட்டான் என்றுதான் தேடுவார்கள். ‘உண்மையாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மார்த்தாண்டம் போகிறேன் என்று அவன் சொன்னதாக நீங்கள் சொல்கிறீர்கள். அவன் போனதை யார் பார்த்தார்? மேம்பாலத்துக்குக் கீழே பார்த்தேன் என்று ஒரு நண்பன் சொன்னால், அது சனிக்கிழமையா வெள்ளிக்கிழமையா? மனிதர்கள் நல்லெண்ணத்தோடு தவறாகச் சொல்வார்கள். கேமராவும் ரசீதும் அந்த அளவுக்குத் தவறு செய்யாது. வீட்டிலிருந்து கிளம்பி முதல் பெட்ரோல் பங்க், முதல் நகைக்கடை, முதல் பேக்கரி என்று ஒவ்வொரு கேமராவாகப் பைக்கைப் பின்தொடர்வார்கள். மஃப்டியில் ஒரு கான்ஸ்டபிள் நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்குவதுதான் அந்த வேலை. பார்ப்பதற்குத் தேடுவது போலவே இருக்காது. உங்கள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்கவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

இதில் நீங்கள் உதவ முடியும், கெடுக்கவும் முடியும். கடைகளின் கேமராப் பெட்டி சில நாளில் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும். சிலவற்றில் ஒரு மாதம் நிற்கும், சிலவற்றில் ஒரு வாரம்கூட நிற்காது. எனவே வழியில் உள்ள கடைக்காரர்களிடம் இன்றே சொல்லி வையுங்கள், சனிக்கிழமைப் பதிவை அழிய விடாதீர்கள் என்று. ஆனால் அந்தப் பெட்டியை நீங்களே கழற்றிக்கொண்டு வராதீர்கள். பதிவை முறைப்படி எடுத்துச் சான்றிதழோடு கொடுத்தால்தான் நாளை நீதிமன்றத்தில் நிற்கும். திரையை உங்கள் போனில் படம் பிடித்துக்கொள்வதில் தவறில்லை. அது தடயத்துக்கு உதவும், சாட்சியத்துக்கு உதவாது.

பைக்கைத் தேடுவது ஆளைத் தேடுவதைவிட எளிது. குழித்துறை, இரணியல், நாகர்கோவில் ரயில் நிலையங்களின் வாகன நிறுத்தங்கள், பஸ் நிலைய ஸ்டாண்டுகள், மருத்துவமனை வளாகங்கள் எல்லாவற்றிலும் பதிவெண்ணைச் சொல்லிப் பார்க்க அரை நாள் போதும். டோக்கன் போட்டுப் பத்திரமாக நிறுத்திய பைக் ஒரு கதை சொல்லும். சாவியோடு சாலையோரம் சாய்ந்து கிடக்கும் பைக் வேறு கதை சொல்லும். கூடவே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், எல்லைக்கு அப்பால் நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் மருத்துவமனைகளிலும் பெயர் தெரியாமல் சேர்க்கப்பட்டவர்கள் உண்டா என்று கேட்பார்கள். பிணவறையிலும் கேட்பார்கள். அதை உங்களிடம் சொல்லமாட்டார்கள். நீங்களும் கேட்க வேண்டாம்.

இனி போன். எல்லோரும் டவர், டவர் என்கிறார்கள். சினிமாவில் சிவப்புப் புள்ளி நகர்வதைப் பார்த்த பழக்கம். நிச்சயமானதையும் சந்தேகமானதையும் இங்கே பிரித்துச் சொல்கிறேன். ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு அந்த போன் இயங்கியது என்பது நிச்சயம். அதை இயக்கிய கை அவனுடையது என்பது நிச்சயம் இல்லை. அந்த மிஸ்டு கால் சாதாரண அழைப்பா, வாட்ஸ்அப் அழைப்பா? அக்காளின் போனை எடுத்துப் பார்த்து இன்றே ஸ்டேஷனில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் அழைப்பு செல்போன் நிறுவனத்தின் அழைப்புப் பட்டியலில் அழைப்பாக வராது. அதற்கு வேறு வழியில் போக வேண்டும். சி.டி.ஆர். என்று சொல்லும் பட்டியல் எஸ்.பி. அலுவலகம் வழியாகக் கேட்டுப் பெறுவது. அவசர வழக்கு என்றால் சீக்கிரம் வரும். அதில் யாரோடு பேசினான், எந்த டவரின் கீழே இருந்தான் என்பது தெரியும். ஸ்விட்ச் ஆஃப் ஆன போனின் இப்போதைய இடம் தெரியாது, கடைசி இடம்தான். வேறு சிம் போட்டு அதே போனை யாராவது இயக்கினால், போனின் ஐ.எம்.இ.ஐ. எண் காட்டிக்கொடுத்துவிடும். அந்த எண் போன் வாங்கிய அட்டைப் பெட்டியில் ஒட்டியிருக்கும். பெட்டியைத் தேடி எடுத்து வையுங்கள்.

டவர் என்பது ஒரு வீட்டைக் காட்டாது, ஒரு வட்டாரத்தைக் காட்டும். நாகர்கோவில் வடசேரியில் அந்த வட்டாரம் சில தெருக்களாக இருக்கலாம். பேச்சிப்பாறைப் பக்கம் மலையும் ரப்பர் தோட்டமுமாக இருக்கும் இடத்தில் அதுவே கிலோமீட்டர் கணக்கில் விரியும். நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவன் போனே கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். ‘லொக்கேஷன் பாறசாலை காட்டுகிறது, கேரளாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்’ என்று ஒரு வீடே அழுததைப் பார்த்திருக்கிறேன். பையன் எல்லைக்கு இந்தப் பக்கம், ஒரு நண்பனின் மாடியில் உறங்கிக்கொண்டிருந்தான். எனவே யாராவது ஒரு போலீஸ்காரர் டவர் பெயரைச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நீங்களே கார் எடுத்துக் கிளம்பிவிடாதீர்கள்.

இப்போது போனைவிட விரைவாகப் பேசுவது வங்கிக் கணக்கு. டீக்கடையில் பதினைந்து ரூபாயைக்கூடக் க்யூஆர் கோடில் கட்டும் பிள்ளைகள் இவர்கள். கடைசியாகப் பணம் போனது எந்தக் கடைக்கு என்று தெரிந்தால் கடைசி இடம் கிடைத்துவிடும். அவன் கணக்கின் குறுஞ்செய்தி அப்பா போனுக்கு வருகிறதா என்று பாருங்கள். வீட்டில் மடிக்கணினியில் அவன் மின்னஞ்சல் திறந்தபடியே இருந்தால், மூடாமல் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். கடவுச்சொல்லை ஊகித்துப் போட்டுப் பார்த்துக் கணக்கைப் பூட்டிவிடாதீர்கள்.

எல்லை தாண்டியிருந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். களியக்காவிளை சோதனைச் சாவடி ஒன்றை வைத்து இந்த எல்லையை அடைத்துவிட முடியாது. ஊடு வழிகள் அத்தனை இருக்கின்றன. ஒரே தெருவில் ஒரு வீடு தமிழ்நாடு, அடுத்த வீடு கேரளா. ஆனால் இரண்டு பக்கத்துப் போலீஸாரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். முறையான கடிதம் பின்னால் போகும்; போன் முதலில் போகும். கிழக்கே போயிருந்தால் ஆரல்வாய்மொழி தாண்டி நான்குவழிச் சாலையில் நாங்குநேரி சுங்கச்சாவடிக் கேமரா இருக்கிறது. கார் என்றால் அது பயன்படும், பைக் என்றால் அவ்வளவாக இல்லை. எந்த ஸ்டேஷன் எல்லை என்று உங்களை அலைக்கழித்தால், எந்த ஸ்டேஷனிலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ போடலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். சண்டை போடாமல் சொல்லுங்கள். (கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் கதை முற்றிலும் வேறு. அதற்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் கரையில் அந்த எண்ணின் அருமை எல்லோருக்கும் தெரியும்.)

இதுவரை சொன்னதெல்லாம் வெளி வேலை. எனக்குத் தெரிந்தவரை வழக்கு உடைவது பெரும்பாலும் வீட்டுக்குள். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு மேற்கு வட்டாரத்தில் ஒரு வீடு. இருபத்தாறு வயது மகனைக் காணவில்லை. ‘அவனுக்கு யாரோடும் பகை இல்லை, கடன் இல்லை’ என்று அம்மா சொன்னார், அப்பா சொன்னார், சித்தப்பா சொன்னார், பங்குத்தந்தைகூடச் சொன்னார். இரண்டு நாள் நாங்கள் கேமராவும் டவருமாகச் சுற்றினோம். இரண்டாம் நாள் இரவு ஒரு மணிக்கு நான் அவர்கள் வீட்டு அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பிளஸ் டூ படிக்கும் தங்கை ஒரு கிளாஸ் கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அரிசி டிரம்மின் மூடியைச் சத்தமில்லாமல் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு சின்ன டைரியை எடுத்து என்னிடம் நீட்டினாள். கவரில் அரிசிமாவு ஒட்டியிருந்தது. ‘அம்மாவிடம் நான் கொடுத்ததாகச் சொல்லாதீர்கள்’ என்றாள்.

டைரியில் பதினொரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொகை. வளைகுடா விசாவுக்காக அவன் ஓர் ஏஜெண்டுக்கு ஆள் பிடித்துப் பணம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஏஜெண்ட் கம்பி நீட்டிவிட்டான். கொடுத்தவர்கள் இவன் கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள். ஒரு பெயருக்கு நேரே நான்கு லட்சம் என்று எழுதி, அதன்கீழே ஒரு போன் நம்பரை இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டிருந்தான். அந்த நம்பரை வைத்து மறுநாள் மதியத்துக்குள் எல்லைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையைத் திறந்தோம். உள்ளே சட்டை முழுக்கக் கரியோடு அவன் உட்கார்ந்திருந்தான், உயிரோடு. பிடித்து வைத்திருந்த நான்கு பேரும் அவனுக்குத் தெரிந்தவர்கள். அதில் ஒருவன் போன கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் சாப்பிட்டவன். டைரி இருப்பது அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ‘ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே சாரே’ என்றார். நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டிலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

எனவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடத்தல் என்று தோன்றுகிறது என்று எழுதினீர்களே தவிர, ஏன் தோன்றுகிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. பொதுவெளியில் எழுத வேண்டாம், அது சரி. ஸ்டேஷனில் சொன்னீர்களா? அக்காளையும் அத்தானையும் கூட்டத்தில் வைத்துக் கேட்டால் சொல்லமாட்டார்கள். தாய்மாமன் நீங்கள் தனியாகக் கேளுங்கள். அவன் தங்கையோ தம்பியோ இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். வந்த தகவலை எஸ்.ஐ.யிடம் தனியாகச் சொல்லலாம். வீட்டு மானத்தைக் காக்கத் தெரிந்த போலீஸ்காரர்கள் ஸ்டேஷனுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

பணம் கேட்டு அழைப்பு வந்தால் பேச ஒரே ஓர் ஆளை நிறுத்துங்கள், பதறாத ஆளாக. அக்காள் வேண்டாம். அழைப்பைப் பதிவு செய்யுங்கள். தருகிறேன், நேரம் வேண்டும் என்று இழுங்கள். மறுத்துப் பேசவோ மிரட்டவோ கூடாது. அவன் குரலைக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். குரல் வந்தாலும் போதாது. இப்போதெல்லாம் குரலையும் செயற்கையாகச் செய்துவிடுகிறார்கள். அவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள், சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர் போல. உடனே 112-க்கோ நேராக இன்ஸ்பெக்டருக்கோ சொல்லுங்கள். ‘போலீஸுக்குச் சொன்னால் கொன்றுவிடுவோம்’ என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்வது. போலீஸும் அப்போது சைரன் போட்டுக்கொண்டு வராது. அந்தக் கட்டத்தில் உங்களுக்குச் சொல்லாமல் மறைக்கும் தகவல்களே அதிகம் இருக்கும். அதைக் குற்றமாக எடுக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் படம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தை, முதியவர், மனநலம் குன்றியவர் என்றால் யோசிக்காமல் போடலாம். பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வலுவாக இருக்கும்போது ஸ்டேஷனில் கேட்டுவிட்டுப் போடுங்கள். பயந்துபோனவன் கையில் இருப்பவனுக்கு எது நடக்கும் என்று சொல்ல முடியாது. போட்டால் உங்கள் சொந்த எண்ணைப் போடாமல் ஸ்டேஷன் எண்ணைப் போடுங்கள். எண் வெளியே போன சில மணி நேரத்திலேயே ‘உங்கள் பையன் எங்களிடம் இருக்கிறான், ஐம்பதாயிரம் அனுப்புங்கள்’ என்று எங்கோ வட மாநிலத்தில் உட்கார்ந்திருக்கும் ஏமாற்றுக்காரன் கூப்பிடுவான். அவனுக்கு உங்கள் பையனின் முகம்கூடத் தெரியாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பெண் பிள்ளை என்றால், கிடைத்ததும் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும். போக்சோ வழக்காக மாறினால் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

ஸ்டேஷன் அசையவில்லை என்றால் புகாரை எழுத்தில், பதிவுத் தபாலில் நாகர்கோவிலில் இருக்கும் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், நேரிலும் போய்ப் பாருங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இரண்டுக்கும் அதே 173-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அவன் இன்ன வீட்டில் அடைபட்டிருக்கிறான் என்று திட்டமாகத் தெரிந்தால், அந்த வீட்டைச் சோதனையிட மாஜிஸ்திரேட் வாரண்ட் தரலாம். பலரும் உடனே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு என்பார்கள். இன்னார் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார் என்று காட்ட ஏதாவது இருந்தால் அது வலுவான ஆயுதம். வெறும் ‘காணவில்லை’ என்பதற்கு அந்த மனுவை எடுக்க நீதிமன்றம் தயங்கும். ஒன்றுக்கு மட்டும் தயாராக இருங்கள். அவன் தன் விருப்பத்தில் போயிருந்தால், கண்டுபிடித்த பிறகும் உங்களோடு அனுப்பமாட்டார்கள். வயது வந்தவன்; எங்கே போக வேண்டும் என்று அவன்தான் சொல்வான்.

அவன் எங்கே இருக்கிறான், யார் செய்தது என்று இங்கிருந்து யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும். இன்று இரவு வீட்டில் செய்ய ஒரு வேலை இருக்கிறது. அவன் அலமாரியைத் திறந்து பாருங்கள். பாஸ்போர்ட், சான்றிதழ் ஃபைல், போன் சார்ஜர், பைக்கின் இரண்டாவது சாவி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால் அது. இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை? பாஸ்போர்ட்டும் சார்ஜரும் இல்லையென்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தால், விடியும்வரை காத்திருக்காமல் இப்போதே ஸ்டேஷனுக்குப் போய் அதைச் சொல்லுங்கள். திருமண வீட்டில் கோட்டுப் போட்டு எடுத்த படம் வேண்டாம். போன வாரம் வீட்டில் எடுத்த படம் எதுவோ அதைக் கொண்டுபோங்கள்.